கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோய்க்கு இழப்பீடு: மனு எங்கே மாட்டிக்கொள்கிறது

எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் பாய்லர் குழாய்க்கு லேகிங் (சூடு வெளியேறாமல் காக்கும் உறை) சுற்றியவர்களுக்கும், கல்நார் ஷீட் ஆலையில் மூட்டை பிரித்தவர்களுக்கும் மனு எழுதிப் பார்த்ததில் ஒன்று தெளிவு. நோயை நிரூபித்துவிடலாம். தூசியை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

கல்நார்த் தூசி மூச்சைப் பிடிக்க 10, 20 வருஷம்கூட ஆகும். அதற்குள் ஆள் ஓய்வு பெற்றிருப்பார், ஒப்பந்தக்காரர் கடையை மூடியிருப்பார். அதனால் மருத்துவரிடம் போகும்போதே இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) விவரம், சம்பளச் சீட்டு, பழைய கேட் பாஸ் எல்லாவற்றையும் தேடத் தொடங்குங்கள். பணிச்சான்றில் ‘ஹெல்பர்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த இடத்தில், எந்தப் பொருளை, எத்தனை வருஷம் கையாண்டார் என்று கூட வேலை செய்த இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலை முடிந்து 15 ஆண்டு, எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டது. அதைக் குறிப்பிட்டு ஆலைக்கு ஒப்புகையுடன் கடிதம் போடுங்கள்.

அடுத்த சிக்கல் டிபி (காசநோய்). இருமல் என்றதும் டிபி மாத்திரைதான் முதலில் வரும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்ற சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். டிபி பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும். கல்நார்த் தழும்பு அடிப்பகுதியில். எச்ஆர்சிடி (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி) ஸ்கேனில் இது தெரிந்துவிடும். கூடவே ஸ்பைரோமெட்ரி (மூச்சின் அளவைப் பார்ப்பது), டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்று பார்ப்பது) இரண்டும் வேண்டும். செய்த வேலையைச் சொல்லி, மருத்துவச் சீட்டில் எழுத வையுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

இஎஸ்ஐ இருந்தவர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போனால் மனு திரும்பிவிடும். இஎஸ்ஐ இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி ஆணையரிடம் போகலாம், முதன்மை முதலாளியையும் (ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுத்த நிறுவனத்தை) சேர்க்கலாம். அங்கே கெடு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் எழுதினால் ஏற்க இடமுண்டு.

இஎஸ்ஐயில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவ வாரியம் சதவீதத்தில் சொல்லும். சராசரி நாள் கூலி 600 ரூபாய் என்றால், இஎஸ்ஐ கணக்கில் எடுக்கும் 90 சதவீதம் 540. இழப்பு 30 சதவீதம் என்றால் நாளுக்கு 162, முப்பது நாள் மாதத்துக்கு 4,860 ரூபாய். சதவீதம் குறைவாகத் தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ இஎஸ்ஐ நீதிமன்றத்துக்கோ போகலாம். முடிவு கைக்கு வந்த தேதியைக் காட்ட, தபால் உறையையும் கோப்பிலேயே வையுங்கள்.