மிஷின்லயே அளந்தா போதுமா?

ப்ரோப், அதாவது ஜாப்பைத் தொட்டு அது எங்க இருக்குன்னு மிஷினுக்குச் சொல்ற கருவி, வர்றதுக்கு முன்னாடி விஎம்சில (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மிஷின்) ஒரு ஜாப் (வெட்டப் போற பீஸ்) செட் பண்றதுன்னா கையால ஓரம் பார்க்கற எட்ஜ் ஃபைண்டரும் டயலும் தான், ஜாப்பைப் பிடிக்கற வைஸைத் தட்டி நேராக்கி, எக்ஸ் ஒய் எடுத்து, எல்லாத்தையும் ஜாப் இருக்கற இடத்தைக் குறிக்கற ஆஃப்செட் பேஜ்ல கையால அடிக்கணும், ஒரு மைனஸ் விட்டுப்போச்சுன்னா கதை முடிஞ்சுது. இப்ப ப்ரோப் தொட்டுட்டு வந்து ஜி54-ங்கற ஆஃப்செட்ல அதுவே எழுதிடுது. செட்டிங்குக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. அளவு பார்க்கறதுக்கும் இதையே நம்பறாங்க பாருங்க, அங்க தான் எனக்கு இடிக்குது.

ப்ரோப் உள்ள இருக்கறது சிம்பிள் தான். மூணு சின்ன ராடு, ஒவ்வொண்ணும் ரெண்டு பால் மேல ஸ்பிரிங் அழுத்தத்துல உக்காந்திருக்கும், அது வழியா கரண்ட் ஓடும். ப்ரோப்போட ஸ்டைலஸ் (குச்சி) நுனில இருக்கற ரூபி பால் எதையாவது தொட்டு ஒரு ராடு கிளம்பினதும் ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஜி31-ங்கற கமாண்ட் அந்த பொசிஷனைப் பிடிச்சு வெச்சுக்கும். 1972-ல டேவிட் மெக்மர்ட்ரி ரோல்ஸ் ராய்ஸ்ல வேலை பார்த்தப்ப கான்கார்ட் எஞ்சினோட பைப்பை அளக்கறதுக்காக யோசிச்சது, இன்னிக்கும் நிறைய ப்ரோப் இதே அமைப்புல தான் ஓடுது. ஆனா மூணு காலுங்கறதால எந்தப் பக்கம் தொடறோமோ அதுக்கேத்த மாதிரி ட்ரிகர் ஆகற ஃபோர்ஸ் மாறும், சிக்னல் வர்றதுக்குள்ள ஸ்டைலஸ் லேசா வளைஞ்சிருக்கும். ரிங் கேஜ்ல (அளவு துல்லியமா தெரிஞ்ச வளையம்) காலிப்ரேட் பண்றதே அந்த வித்தியாசத்தைக் கழிக்கத் தான். காலிப்ரேட் பண்ணின ஃபீட்ல (ப்ரோப் நகர்ற வேகம்) தான் அளக்கவும் செய்யணும், சைக்கிள் டைம் குறைக்கறேன்னு ஒருத்தர் ஃபீடை ஏத்திவிட்டா ரீடிங் தள்ளிப் போகும், ஆனா திரும்பத் திரும்ப அதே நம்பர் அழகா வர்றதால யாருக்கும் சந்தேகமே வராது.

இன்னொண்ணு, வெட்டின மிஷினே அளக்குது. எக்ஸும் ஒய்யும் சரியா 90 டிகிரில இல்லேன்னா வெட்டறப்பவும் கோணல், அளக்கறப்பவும் அதே கோணல், ஸ்க்ரீன்ல மட்டும் ஓகே. சூடு வேற. அலுமினியம் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 23 மைக்ரான் நீளும், 500 மில்லி ப்ளேட் 20 டிகிரியை விட 10 டிகிரி கூடுதல் சூட்டுல இருந்தா 0.115 மில்லி கூட காட்டும், அதை சரியான அளவுன்னு எடுத்துக்கிட்டு வெட்டி முடிச்சா, 20 டிகிரில சிஎம்எம் (அளக்கறதுக்குன்னே இருக்கற தனி மிஷின்) மேல ஏத்தறப்ப ஜாப் சுருங்கி நிக்கும். அப்புறம் தரம் பார்க்கற க்யூசிக்கும் ப்ரொடக்ஷனுக்கும் சண்டை, ரெண்டு பேர் கையிலயும் ரிப்போர்ட் இருக்கும்.

சிப்ஸ் (வெட்டறப்ப வர்ற உலோகச் சுருள்) கதை தனி. போர், அதாவது துளையோட சுவத்துல கூலன்ட்டோட முடி மாதிரி ஒரு சுருள் ஒட்டியிருக்கும், பால் அதைத் தொட்டுட்டு போர் சின்னதா இருக்குன்னு சொல்லும், மேக்ரோ ப்ரோக்ராம் உடனே ஆஃப்செட்டை மாத்தி பெருசா வெட்டிடும், ஜாப் ஸ்க்ராப். அதனால அளக்கறதுக்கு முன்னாடி ஏர் ப்ளோ, அதோட ஆட்டோ கரெக்ஷனுக்கு ஒரு லிமிட், தாண்டினா அலாரம் அடிச்சு மிஷின் நிக்கணும். நைட் ஷிஃப்ட்ல மிஷின் நின்னுடுச்சுன்னு காலைல திட்டு விழத் தான் செய்யும், விழட்டும், அந்த லிமிட்டை மட்டும் நான் எடுக்க விடறதில்ல.