பிலாவில் மழை, பகாவில் தூசி

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து பகாவுக்குக் கோல பிலா வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். புக்கிட் பூத்துஸ் மேட்டில் ஏறி இறங்கும்போது கார்க் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் நேற்று பெய்த மழையில் சாலையோரம் இன்னும் நசநசவென்று இருக்கும். பிலாவைத் தாண்டி, பகாவ் இருக்கும் ஜெம்புல் பக்கம் நெருங்க நெருங்கப் புல் வெளுத்துக்கொண்டே வரும். பால்மரக் (ரப்பர்) காடு எலும்புக்கூடாக நிற்கும், செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலையில் செம்மண் தூசி படிந்திருக்கும். "பிலாவில் மழை, பகாவில் தூசி" என்று சொல்லத் தோன்றுவது வெறும் எதுகைக்காக இல்லை.

வறட்சியைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிக்குள் போகவேண்டும். கிழக்குக் கரை ரயில் பாதையில் பகாவுக்கு நிலையம் உண்டு. ஆனால் தோட்டங்களைச் சுற்ற வண்டிதான் சரி. காலை ஆறு மணிக்குத் தோட்டத்துச் சாலையில் இருந்தால்தான் பார்க்க வேண்டியது கண்ணில் படும். பதினொரு மணிக்கு மேல் வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகள் இங்கே "வறட்சி" என்றதும் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கில் அது நியாயம்தான். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 920 மில்லிமீட்டர் அளவில். மலேசியாவிலேயே குறைவாக மழை பெறும் இடம் என்று வானிலைத் துறை குறிப்பிடும் ஜெலுபு, இதே நெகிரி செம்பிலானில் இருக்கிறது. அங்கேகூட ஆண்டுக்கு 1,650 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. இராமநாதபுரத்துக்காரருக்கு அது வெள்ளம். அப்படியானால் இங்கே எது வறட்சி? மில்லிமீட்டரை விட்டுவிட்டு நாளை எண்ணவேண்டும். இந்த மண்ணும் மரமும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு மூன்று நாளுக்கொரு மழை வரும் என்ற நம்பிக்கையில் அமைந்தவை. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. மூன்று வாரம் மழை இல்லையென்றால் 84 முதல் 105 மில்லிமீட்டர் போய்விட்டது. சரளைக்கல் கலந்த செம்மண்ணுக்கு அந்தக் கடனை அடைக்கச் சேமிப்பே கிடையாது. ஏரி, கண்மாய், ஊருணி என்று தேக்கிவைக்கும் பழக்கம் இங்கே வேர்விடவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பகாவ் ஏன் காய்கிறது என்பதற்கு நிலப்படத்தைப் பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. அதன் கொட்டல் எல்லாம் கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரத்தில். உள்நாட்டுக்கு வந்து சேரும்போது காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில், மே கடைசி முதல் செப்டம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்று மழையை மேற்குக் கரை வாங்கிக்கொள்கிறது. தித்திவங்சா மலையைத் தாண்டி வருவது மிச்சம் மீதிதான். ஆக இரண்டு பந்தியிலும் கடைசி இலை பகாவுக்கு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் காற்று மாறும்போது பிற்பகலில் இடித்துப் பெய்கிறதே, அதுதான் இந்த ஊரின் சொந்த மழை. அதுவும் சில கிலோமீட்டர் அகலத்துக்குத்தான் பெய்யும். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் (பிரிவில்) பால்வெட்டு கெட்டு, அடுத்த டிவிஷனில் புழுதி பறப்பது அதனால்தான்.

வழியில் செர்த்திங்கில் நின்று பார்க்க ஒன்று இருக்கிறது. ஜெம்புல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆறு பேரா ஆறு வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் மிகக் குறுகிய நிலம். பழைய காலத்து வணிகர்கள் படகைக் கரையேற்றி இழுத்துப்போய் அடுத்த ஆற்றில் இறக்கினார்கள். பெனாரிக்கான் என்ற பெயர் அந்த இழுப்பிலிருந்து வந்தது. மேட்டு நிலத்தில் பிறக்கும் சிற்றாறுகளின் பலவீனமும் இங்கேதான் தெரியும். பின்னால் பெரிய மலைக்காடு இல்லாத ஆறு, மழை நின்ற சில வாரத்தில் மணல் திட்டைக் காட்டிவிடும். நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் உறிஞ்சு குழாய் அளவுக்குக் கீழே ஆறு இறங்கினால், அணையில் தண்ணீர் இருந்தாலும் அந்த ஆற்றை நம்பிய தாமான்களுக்கு (வீட்டுக் குடியிருப்புகளுக்கு) குழாய்த் தண்ணீர் வராது.

இனி தோட்டம். பால்மரம் இலை உதிர்ப்பதை வறட்சி என்று எண்ணிப் படம் பிடிப்பவர்கள் உண்டு. அது ஆண்டுதோறும் நடப்பது. கெடாவில் ஜனவரியிலேயே தொடங்கும், இங்கே பிப்ரவரி, மார்ச்சில். வறட்சியா இல்லையா என்பதை மங்குதான், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்தான், சொல்லும். விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம், அந்த நேரத்தில் பட்டைக்குள் நீர் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலை நீரை இழுக்கும், அழுத்தம் இறங்கும், பால் நாளங்களின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நல்ல நாளில் இரண்டு மூன்று மணி நேரம் சொட்டும் மரம், வறட்சியில் வெகு சீக்கிரம் நின்றுவிடும். மங்கின் அடியில் கெட்டியாக, சற்று மஞ்சள் பாரித்துக் கிடக்கும். பால் கெட்டியானதால் ரப்பர் விழுக்காடு ஏறும், ஆனால் அளவு விழுந்துவிடுவதால் லாபம் இல்லை. இந்த நேரத்தில் ஊக்க மருந்து தடவிப் பால் கறக்கப் பார்ப்பது பெரிய தப்பு. நீரில்லாத மரத்தை வதைத்தால் வெட்டுப்பட்டை காய்ந்து, அடுத்த பருவத்திலும் பால் வராது. புதுத் தளிர் விரிந்து கரும்பச்சை ஆகும்வரை வெட்டை நிறுத்துவதுதான் முறை. வெட்டுக்காரருக்கு அந்த வாரங்களில் வருமானம் போகிறது என்பதை மட்டும் எந்த முறையும் சரிக்கட்டுவதில்லை.

ஒரு நல்லதும் உண்டு. தளிர் விடும்போது நன்றாகக் காய்ந்தால் இலை ஒரே சீராக வரும், சாம்பல் பூசணம் குறைவு. தூறலும் மந்தாரமுமாக இருந்தால்தான் தளிர் சுருண்டு மறுபடி உதிரும். வெட்டு இல்லாத நேரத்தில் தோட்டத்தில் பெரிய வேலை நெருப்புக்காவல். கணுக்கால் உயரம் சருகு கிடக்கும். காலடி வைத்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். சாலையோரமும் லாலாங் புல் ஓரமும் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகைக் கூட்டி மண் தெரியவைப்பார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பட்டையில் நடங்கள். சூடான வண்டியைச் சருகின்மேல் நிறுத்தாதீர்கள். புகைக்குழாய்ச் சூடு போதும்.

செம்பனை வேறு மாதிரி. அது உடனே காட்டிக்கொள்ளாது. மரத்தின் நடுவில் அண்ணாந்து பாருங்கள்: ஈட்டி மாதிரி விரியாத குருத்து ஒன்றோ இரண்டோ நின்றால் மரம் நலம். நான்கு, ஐந்து குருத்து விரியாமல் கூட்டமாக நின்றால் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று பொருள். கீழ் ஓலைகள் முறிந்து பாவாடை மாதிரி தொங்கும். குலை அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். கணக்கு முடிவது பின்னால்தான். வறட்சியில் இளம் பூங்கொத்து கருகினால் அந்தக் குறை பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்துத் தெரியும். இன்னும் இளசாக, ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும் கட்டத்தில் அடிபட்டால் ஆண்பூ பெருகி, இரண்டு ஆண்டு கழித்துக் குலை குறையும். 2015-16 எல் நினோவுக்கு (பசிபிக் கடல் சூடேறி மழை மாறும் நிலை) பிறகு நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 1.996 கோடி டன்னிலிருந்து 2016இல் 1.732 கோடி டன்னுக்கு இறங்கியது இப்படித்தான்.

இதற்குத் தோட்டத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெட்டிய ஓலையை நிரைக்கு இடையில் அடுக்கி மண்ணை மூடிவைப்பது, ஓலையை அளவுக்கு மேல் கழிக்காமல் இருப்பது, ஆலையிலிருந்து பழம் உதிர்த்து வரும் காலிக் குலையை ஹெக்டருக்கு 30 முதல் 40 டன், அதாவது மரத்துக்கு 200 முதல் 300 கிலோ, ஒற்றை அடுக்காகப் பரப்புவது. லோரியிலிருந்து கொட்டியபடி குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். குவித்த இடத்தில் வண்டு, குவிக்காத இடத்தில் வறட்சி என்று இரண்டு நட்டமும் சேர்ந்து வரும். நாற்றங்காலில் பெரிய பையில் இருக்கும் கன்றுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். பத்தாயிரம் கன்று என்றால் 20,000 லிட்டர். தோட்டக்குளம் வற்றும்போது முதலில் கைவைக்கப்படுவது இதில்தான்.

வீட்டுப் பக்கம் வருவோம். தாமான் வீட்டுக் கூரைத் தொட்டி பெரும்பாலும் 200 கேலன், ஏறக்குறைய 900 லிட்டர். மலேசியர் ஒருவர் நாளுக்கு 200 லிட்டருக்கும் மேல் செலவழிக்கிறார். நான்கு பேர் வழக்கம்போல் புழங்கினால் ஒரு நாளில் தொட்டி காலி. ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டினால் நாலரை நாள் ஓடும். வாளியில் குளித்தால் 15 லிட்டர் போதும், ஷவர் என்றால் அது இரண்டு நிமிடத்தில் போய்விடும். துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

நிறுத்திய குழாய் திரும்பி வரும் நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குழாய் காலியாகி மறுபடி அழுத்தம் ஏறும்போது உள்சுவரில் படிந்த துருவும் மங்கனீசும் பெயர்ந்து வரும். தொட்டிக்குப் போகும் வால்வைத் தண்ணீர் நிற்பதற்கு முன்பே மூடிவையுங்கள். வந்ததும் வாசல் குழாயை மட்டும் திறந்து, சீறல் நின்று தெளியும்வரை விடுங்கள். அந்தக் கலங்கலைச் செடிக்குப் பிடித்துக்கொள்ளலாம். பிறகுதான் தொட்டி. தொட்டி ஒட்ட வற்றியிருந்தால் குழாயில் காற்று சிக்கும்: தொட்டி நிரம்பியும் குளியலறையில் சொட்டாது. அடுப்பங்கரைக் குழாய் பெரும்பாலும் நேர் இணைப்பு. அதிலிருந்து ஒரு ஹோஸைக் குளியலறைக் குழாயில் இறுக்கிப் பிடித்து இரண்டையும் ஒரு நிமிடம் திறந்தால், காற்று மேலே தள்ளப்பட்டு வெளியேறிவிடும். பிளம்பர் கூலி மிச்சம். மீட்டர் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி கூடாது. தெருக்குழாயில் கசிவு இருந்தால் வெளிச் சேற்றையும் சேர்த்து இழுக்கும்.

நீலத் தோங்கில் (பீப்பாயில்) பிடித்துவைத்தால் மூடி வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் போகாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். வறட்சியில் டிங்கி கூடுவது ஏன் என்று கேட்பவர்களுக்குத் தோங்கைக் காட்டினால் போதும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல் 10 லிட்டருக்கு 1 கிராம். குடிக்கக் கொதிக்கவைப்பதே நல்லது. முடியாதபோது வாசனை சேர்க்காத 5 முதல் 6 விழுக்காட்டு குளோரின் வெளுப்பான், தெளிந்த நீர் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் மூடிவைத்துக் குடிக்கலாம்.

மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் பகாவின் சங்கடம் இன்னும் விளங்கும். கெடாவின் சுங்கை பட்டாணியில் வறட்சி தேதி வைத்து வரும். வடக்கில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை காயும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலின் உச்சம் பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது: 1998 ஏப்ரல் 9, 40.1 பாகை. தைப்பிங்கோ மலையடிவாரத்தில் நனைந்துகொண்டே இருக்கும் ஊர். மலாக்கா 1991இல் டுரியான் துங்கல் அணை வற்றித் தவித்தது. சிறிய மாநிலம், சிறிய ஆறுகள். பகாவுக்குக் கெடாவின் நிச்சயமும் இல்லை, தைப்பிங்கின் செழிப்பும் இல்லை. ஓர் ஆண்டு வராது, மறு ஆண்டு ஏழு வாரம் நிற்கும்.

தமிழ்நாட்டோடு ஒப்பிடும்போது ஒரு வேடிக்கை. எல் நினோ ஆண்டில் அங்கே ஐப்பசி கார்த்திகை மழை பெரும்பாலும் கூடும், இங்கே அடுத்து வரும் மாதங்கள் காயும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும், 2016 மார்ச்சில் தீபகற்பம் வெந்ததும் ஒரே கடல் சூட்டின் இரண்டு முகங்கள். வெயிலின் உச்சமும் வேறு: அங்கே கத்திரி மே மாதத்தில், பகாவில் மார்ச் 28 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மதுரையின் 40 பாகையில் சட்டை காய்ந்துவிடும். பகாவின் 35 பாகையில் வியர்வை காயாமல் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது உடம்பைக் குளிர்விப்பதில்லை. வெளியே நடப்பவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள். இனிப்புக் காற்றுப்பானத்தைவிட உப்புப் போட்ட மோர் மேல்.

மழை திரும்புவது பெரும்பாலும் ஏப்ரலில், மூன்று நான்கு மணிக்குக் கறுத்துக்கொண்டு வரும். கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 800 லிட்டர். ஆனால் வாரக்கணக்கில் படிந்த தூசியும் பறவை எச்சமும் முதல் இரண்டு மில்லிமீட்டரில் வரும். அந்த 160 லிட்டரை வடிகாலில் விட்டுவிட்டுத் தோங்கை வையுங்கள். வண்டியைப் பால்மரத்தடியில் நிறுத்தியிருந்தால் முதல் இடி கேட்டதும் வெளியே எடுத்துவிடுங்கள். வறட்சியில் செத்த கிளைகள் மழைக்கு முன்னால் வரும் காற்றிலேயே விழும்.