உப்புக் காற்றில் ஈரத்தகடு

ஈரத்தகட்டுப் படம் எடுக்கிறேன் என்றதும் எல்லோரும் லென்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணக்கிட்டு வடிவமைத்த வகை அது. பித்தளைக் குழாய், நடுவில் கூர்மை, ஓரங்களில் சுழல்வது போன்ற மங்கல். எனக்கும் அது மிகப் பிடித்த லென்ஸ். ஆனால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலும் பாம்பனிலும் இந்த வேலையைச் செய்து பழகிய பிறகு, கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன். லென்ஸ் பிறகு.

இந்த முறையை 1851இல் வெளியிட்டவர் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர். கண்ணாடியில் அயோடைடும் புரோமைடும் கலந்த கொலோடியனை, அதாவது ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த நைட்ரோசெல்லுலோஸ் பசையை, ஊற்றிப் பரப்ப வேண்டும். அது பசைபோல் இறுகியதும் சில்வர் நைட்ரேட் கரைசலில் மூன்று நான்கு நிமிடம் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, மறைந்திருக்கும் உருவத்தை ரசாயனத்தால் வெளிக்கொணர்ந்து உருத்துலக்கியும் முடித்துவிட வேண்டும். காய்ந்தால் தகடு உணர்திறனை இழந்துவிடும். ஆகவே இருட்டறையும் கூடவே வர வேண்டும். என்னுடையது மினி லாரியின் பின்பக்கத்தில் கறுப்புத் துணியால் மூடிய ஒரு பெட்டி. தகடு நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே மசியும் என்பதால் உள்ளே சிவப்பு விளக்கு எரியலாம்.

சில்வர் நைட்ரேட்டுக்கும் உப்புக்கும் ஆகாது. உப்பில் இருக்கும் குளோரைடு பட்டதும் வெள்ளி, சில்வர் குளோரைடாக மாறிப் பால்போல் வெளுத்துவிடும். 100 மில்லிக்கு 9 கிராம் என்று எடை பார்த்துக் கலக்கிய கரைசலின் வலு குறையும். மிதக்கும் துகள்கள் தகட்டில் படிந்து ஊசிப் புள்ளிகளாகும். இந்தக் கரையில் உப்பு இல்லாத தண்ணீர் எது? கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொரு தண்ணீரையும் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். மண்டபத்துக் கிணற்று நீர் அந்தக் கணமே கெட்டியாக வெளுத்தது. குழாயில் வரும் காவிரிக் குடிநீர் இலேசாகக் கலங்கியது. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டும் ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பு! அதுவும் மங்கியது. ஒரு கடையில் வாங்கிய பேட்டரி தண்ணீர்கூடத் தப்பவில்லை. கடைசியில் மதுரையிலிருந்து வரவழைத்த காய்ச்சி வடித்த நீர்தான் தெளிவாக நின்றது. வெள்ளிக் கரைசலுக்கும் உருத்துலக்கிக்கும் அதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

காற்றிலும் உப்பு இருக்கிறது. கரையில் அரைமணி நேரம் நின்றாலே கண்ணாடியிலும் விரல் நுனியிலும் படிந்துவிடும். சீமைச் சுண்ணாம்பு மாவும் ஆல்கஹாலும் போட்டு வீட்டிலேயே துடைத்த கண்ணாடிகளை மூடிய பெட்டியில் கொண்டுபோகிறேன். ஊற்றப்போகும் நேரத்தில்தான் பெட்டியைத் திறப்பேன். படலம் உரியாமல் இருக்க ஓரங்களில் முட்டை வெள்ளைக்கருவை மெல்லிதாகத் தடவுவதும் வீட்டிலேயே முடிந்துவிடும்.

கேமரா, ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் தொடங்கிய பட்டறையில் உருவான வாகீஸ்வரி. தேக்கு மரம், புல் பிளேட் அளவு, அதாவது ஆறரைக்கு எட்டரை அங்குலம். மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. லென்ஸையும் தகட்டையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியில் இருந்த ஓட்டைகளைக் கறுப்புத் துணி ஒட்டி அடைத்தேன். தகடு செருகும் சட்டத்தின் மரத்தில் வெள்ளிக் கரைசல் சொட்டினால் மரம் கெடும், தகட்டிலும் கறை ஏறும். அதற்கு உள்பக்கமெல்லாம் அரக்கு பூசினேன். லென்ஸில் ஷட்டர் கிடையாது. மூடியைக் கையால் எடுத்து, எண்ணி, மீண்டும் மூட வேண்டியதுதான்.

அடுத்த சிக்கல் வெயில். கொலோடியனில் இருக்கும் ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே சித்திரை மாதத்து முற்பகலில் கொலோடியனை மூலைக்கு மூலை ஓட்டி முடிப்பதற்குள் முதல் மூலை காய்ந்துவிடுகிறது. ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டிய கலவை கொஞ்சம் பொறுக்கும். சட்டத்துக்குள் தகட்டின் பின்னால் நனைந்த மையொற்றுத் தாள் ஒன்றை வைத்தால் இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கும். காலை எட்டு மணிக்குள் முடிப்பதே எனக்குத் தோதாக இருக்கிறது.

எந்தக் கரையில் நிற்பது என்பதைக் காற்று சொல்லும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும், மணல் பறக்கும், துருத்தி ஆடும். அப்போது வடகடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். பாம்பனில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம் என்பது படமெடுப்பவனுக்குப் பெரிய வசதி. 1860களின் பிற்பகுதியில் எட்மண்ட் லயன் என்ற புகைப்படக்காரர் ராமேஸ்வரம் கோயிலைப் படமெடுத்தபோது பாம்பன் பாலம் இல்லை. ரயில் பாலம் வந்ததே 1914இல்தான். தகடு, ரசாயனம், இருட்டுக் கூடாரம் எல்லாம் படகேறிக் கடல் கடந்திருக்க வேண்டும். அந்தப் பிராகாரப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் யார் என்றே மனம் கேட்கிறது.

நீல வண்ணம் அடித்த ஒரு வள்ளத்தை எடுத்தேன். பக்கவாட்டில் வெள்ளையில் எழுதியிருந்த பெயர் படத்தில் இல்லவே இல்லை. நீலமும் வெள்ளையும் தகட்டுக்கு ஒன்றுதான். மஞ்சள் எழுத்தாக இருந்திருந்தால் கறுப்பாகத் தெரிந்திருக்கும். இடவலமும் மாறும். ஆனால் கண்ணாடித் தகட்டில் இதற்கு வழி உண்டு. படலத்தின் மேலேயே கறுப்பு பூசி மறுபக்கமிருந்து பார்த்தால் எழுத்து நேராகிவிடும்.

மனிதர்களை எடுப்பதில்தான் எனக்கு அதிகக் கவலை. வெயிலில் கன்றிய தோலைத் தகடு உள்ளதைவிடக் கறுப்பாக வாங்கும், சுருக்கங்களை ஆழமாக்கும். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஓர் அக்கா தன் படத்தைப் பார்த்து, “இது நானா, எங்கள் அப்பத்தாவா தம்பி?” என்று கேட்டார். பலர் இந்தக் கடுமையையே ஈரத்தகட்டின் உண்மை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ரசாயனத்தின் பார்வைக் குறை. அந்த அக்காவின் முகத்தில் அது இல்லை. வெட்டவெளி நிழலில் அமரவைத்து, ஒரு பக்கம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, ஆறு விநாடிக்குப் பதிலாகப் பத்து விநாடி கொடுத்தோம். கழுத்துக்குப் பின்னால் ஒரு கவை தாங்கியது. இரண்டாவது தகட்டில் அவர் அவராகவே இருந்தார். அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

உருத்துலக்குவது அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) அசிட்டிக் அமிலமும் கலந்த நீர். குளிர்ந்த இடத்தில் பதினைந்து, இருபது விநாடி எடுக்கும் வேலை இங்கே பத்துக்குள் முடிந்து, அதற்குமேல் புகைபோல் மூடத் தொடங்கும். தண்ணீரையும் அமிலத்தையும் கூட்டி அதைத் தாமதப்படுத்துகிறேன். அந்தக் காலத்தில் உருவம் மேற்கொண்டு மாறாமல் நிலைநிறுத்தப் பொட்டாசியம் சயனைடு பயன்படுத்தினார்கள். அமிலத்தோடு சேர்ந்தால் அது கொல்லும் வாயு. நான் ஹைப்போவோடு, அதாவது சோடியம் தயோசல்பேட்டோடு, நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளிக் கரைசல் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடிக் கவசம் போடாமல் யாரையும் பெட்டிக்குள் விடுவதில்லை.

ஹைப்போவுக்கு நிறையக் கழுவ வேண்டும். குடம் கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ மனம் வராது. தட்டுகளில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்கிறேன். நிலைநிறுத்திய பிறகு குளோரைடால் கெடுதல் இல்லை. அதனால் கிணற்று நீரே போதும். கடைசித் தட்டில் மட்டும் காய்ச்சி வடித்த நீர், உப்பு தங்காமல் இருக்க. காய்ந்ததும் தகட்டை இலேசாகச் சூடுகாட்டி, சாண்டராக் பிசினும் லாவெண்டர் எண்ணெயும் கலந்த வார்னிஷை ஊற்றிவிட வேண்டும். இந்தக் காற்றில் மூடாமல் விட்ட வெள்ளி ஓரங்களிலிருந்து நிறம் மாறத் தொடங்குகிறது. அதனால் அன்றைய தகடுகளுக்கு அன்றே பூசிவிடுகிறேன்.