வளவில் ‘எ பார் சாங்’ வாசிக்கிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செட்டிநாட்டு வீட்டின் வளவில் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்) ரிசப்ஷன் மேடை போட்டு, அமெரிக்கப் பாடகர் ஷபூஸியின் ‘எ பார் சாங்’ கேட்டுச் சீட்டு வந்தால் கிட்டாரைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். இந்தப் பாட்டைத் தாங்குவது கைத்தட்டுதான்.

2024 ஏப்ரலில் வந்த பாட்டு. ஜே-குவான் 2004-ல் பாடிய ‘டிப்ஸி’ என்ற ஹிப்ஹாப் பாட்டின் பல்லவியை எடுத்து, அக்கூஸ்டிக் கிட்டார்மேல் உட்கார வைத்திருக்கிறார் ஷபூஸி. அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 19 வாரம் முதலிடத்தில் நின்று, 2019-ல் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோடு’ வைத்த சாதனையை எட்டியது. ‘ஓல்ட் டவுன் ரோடு’ பாட்டைக் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை) பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இதையோ கன்ட்ரி ரேடியோவும் முதலிடத்துக்கு ஏற்றியது. கன்ட்ரி பட்டியலில் பியான்சேயின் பாட்டை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்ததும் இதுதான். கறுப்பினக் கலைஞர்கள் இருவர் அங்கே அடுத்தடுத்து முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. பெட்ரோல், மளிகை என்று செலவு நீளுகிற ஒரு வேலைக்காரனின் புலம்பல், எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும்.

வேகம் நிமிடத்துக்கு 81 தாள அடி. இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். கும்மியில் வேகம் ஏற ஏறத்தான் களைகட்டும், நம் கூட்டத்தின் கைக்கு அந்தப் பழக்கம் உண்டு. இரண்டாவது சரணத்துக்குள் 90-ஐத் தாண்டிவிட்டால் நெருக்கமான வார்த்தைகள் பாடகர் வாயில் மோதும். ரிதம் பேட் வாசிப்பவர் காதில் கிளிக் (வேகம் காட்டும் மெட்ரோனோம் சத்தம்) ஓடட்டும். கூட்டம் ஓடினாலும் அவர் ஓடக்கூடாது.

அடுத்தது வளவு. ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், தேக்குத் தூண் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. எதிர்ச்சுவர் 15 மீட்டரில் இருந்தால் தட்டிய சத்தம் திரும்பிவர ஏறத்தாழ 0.09 நொடி ஆகும். ஒரு தட்டு இரண்டாகக் கேட்கும், தாளம் குழம்பும். மிக்ஸரில் ரிவர்பை (செயற்கை எதிரொலியை) சுத்தமாக மூடுங்கள், வீடே தேவைக்கு மேல் தருகிறது. ஒரு கோடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைப்பதைவிட, பத்தியை (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தை) ஒட்டி நாலு சிறியது வைத்துச் சத்தத்தைக் குறைப்பது நல்லது. மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் உருமும், மூன்று நாலு அடி வெளியே இழுங்கள். முன்வரிசைக்குக் கீழே ஜமுக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். மாலையில் காலி வளவில் வைத்த அளவை நம்பாதீர்கள். ஆட்கள் நிரம்பினால் எதிரொலி குறையும், மறுபடி சரிசெய்ய வேண்டும்.

வயலின் சேர்ப்பதானால் ச-ப-ச-ப சுருதியை விட்டு மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-ஈ கூட்டச் சொல்லுங்கள். இரண்டு தந்தியைச் சேர்த்துக் குட்டை குட்டையாக வில்லை இழுக்க வேண்டும். நீண்ட ஸ்வரத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், பாட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

குடி பற்றிய பாட்டு என்பதால், ஆச்சிமார் பந்திக்கு எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து நாலு வரை எண்ணும் இடத்தைக் கூட்டத்துக்கு முதலிலேயே ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். கடைசிப் பல்லவியில் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கைத்தட்டை மட்டும் விடுங்கள். பாடகர் மைக்கை இறக்க வேண்டிய இடமும் அதுதான்.