அழுகையை அடக்காதே என்கிறது சரகம்

கோவையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். "மாத்திரை மட்டும் வேண்டாங்க, ஆயுர்வேதத்துல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்று யாராவது கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. பாலக்காடு பக்கத்திலேயே இருப்பதால் எண்ணெயும் கஷாயமும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அப்படிக் கேட்பவர்களிடம் நான் எடுத்த எடுப்பில் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயுர்வேதத்தின் பழைய மூல நூலான சரக சம்ஹிதையில் உள்ள ஒரு பட்டியலைச் சொல்கிறேன்.

சூத்திர ஸ்தானம் என்ற பகுதி, 7ஆம் அத்தியாயம். உடம்பில் தானாக எழுகிறவற்றில் எதையெல்லாம் அடக்கக் கூடாது என்று 13ஐச் சொல்கிறது. சிறுநீர், மலம், தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் என்று போகிற அந்த வரிசையில் கண்ணீரும் இருக்கிறது. அதை அடக்கினால் சளி, கண் நோய், இதய நோய், ருசியின்மை, தலைசுற்றல் வரும் என்று சொல்லி, வைத்தியத்தையும் உடனே சொல்லிவிடுகிறது: தூக்கம், மது, மனசுக்கு இதமான பேச்சு. மதுவை நான் யாருக்கும் சொல்வதில்லை. துக்கத்தைக் குடித்துத் தீர்க்கப் பார்த்துச் சீரழிந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டையும் மனதாரச் சொல்கிறேன்.

அதே அத்தியாயம் சற்றுத் தள்ளி, துக்கம், பயம், கோபம், பேராசை ஆகியவற்றின் வேகத்தை அடக்கியாள வேண்டும் என்கிறது. எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. துக்கம் இழுக்கிற பக்கமெல்லாம் போகாதே, ஆனால் அழுகை வந்தால் அழு. என் அறையில் நாள் முழுக்க நான் செய்யப் பார்ப்பதும் இதைத்தான்.

பொள்ளாச்சியில் பெரியப்பா மாரடைப்பில் தவறியபோது பெரியம்மா அழவே இல்லை. வந்தவர்களுக்குக் காப்பி போடச் சொன்னார், பந்தல்காரருக்குக் கணக்குத் தீர்த்தார். "என்ன ஒரு தைரியம்" என்று சொந்தமெல்லாம் மெச்சியது. காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. தூக்கம் இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். நடு ராத்திரியில் எழுந்து தோப்புக்கு மோட்டார் போடக் கிளம்பிவிடுவார். அது பெரியப்பா செய்துவந்த வேலை.

அக்கா அவரைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். நானும் உடன் போனேன். நாடி பார்த்தார், பசியை, வயிற்றை, விழிப்பு வரும் நேரத்தை விசாரித்தார். அப்புறம், "கடைசியா எப்பம்மா அழுதீங்க?" என்றார். பெரியம்மா சொன்னார்: "அழுதுட்டு உக்காந்தா தோப்பை யாருங்க பாக்கறது?"

தக்ரதாரை செய்தார்கள். பாலில் கோரைக்கிழங்கைப் போட்டுக் காய்ச்சி, உறை ஊற்றி, மறுநாள் கடைந்த மோரில் நெல்லிக்காய்க் கஷாயம் கலந்து நெற்றியில் இழை அறாமல் ஊற்றுவது. உள்ளுக்கு நீர்ப்பிரமி நெய். சாயங்காலம் வைத்தியர் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாவைப் பற்றியே கேட்பார். எந்தத் தென்னை அவர் வைத்தது, சந்தையில் மாட்டை எப்படிப் பார்த்துப் பிடிப்பார் என்று. அப்படி ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மா உடைந்து அழுதார். வைத்தியர் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. தூக்கம் உடனே திரும்பிவிடவில்லை. ஊருக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

குணமாக்கியது மோரா, நெய்யா, பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு சும்மா பொழுதுபோக்கு அல்ல. சரகம் சிகிச்சையை மூன்றாக வகுக்கிறது: தெய்வத்தைச் சார்ந்தது, மருந்தையும் உணவையும் சார்ந்தது, மூன்றாவது சத்வாவஜயம். தனக்குக் கெடுதல் செய்பவற்றிலிருந்து மனசைத் திருப்பிக் கொண்டுவருவது. இன்றைக்குப் பல இடங்களில் தாரை இருக்கிறது, ஏழு நாள் பேக்கேஜ் இருக்கிறது, உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். மூன்றில் ஒன்றை உருவிவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள்.

"மூலிகைதானே, பக்க விளைவு இருக்காது" என்பவர்களுக்குச் சர்ப்பகந்தா என்ற மூலிகையின் கதையைச் சொல்கிறேன். மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. கொஞ்ச காலத்திலேயே, ரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் கடுமையான மனச்சோர்வில் விழுந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். வேலை செய்கிற மூலிகை வேண்டாத வேலையும் செய்யும். அமுக்கராவைக்கூடத் தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

சரகத்தில் நான் ஏற்காத பக்கமும் உண்டு. சிகிச்சா ஸ்தானம் என்ற பகுதியில் உன்மாதத்தை, அதாவது சித்தம் கலங்குவதைப் பற்றிய 9ஆம் அத்தியாயம், இழந்தவருக்கு ஆறுதல் சொல் என்று அழகாகச் சொல்கிறது. அதே அத்தியாயம் சவுக்கால் அடிக்கவும், ஆளில்லாத வீட்டில் அடைக்கவும், பல் பிடுங்கிய பாம்பைக் காட்டி மிரட்டவும் சொல்கிறது. பழைய நூல் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்ப வழியில்லாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். அது ஆயுர்வேத இடம் அல்ல. கட்டிப்போட்டால் தெளியும் என்ற நினைப்பு மட்டும் அதேதான். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை முழுக்கத் தடுக்கிறது. ஆயுர்வேதத்தில் மனநோய்ப் பிரிவில் முதுகலைப் பட்டம் பெற்றவரை மனநல வல்லுநராக ஏற்பதும் அதே சட்டம்தான். வைத்தியரைத் தேடுகிறவர்கள் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, போக விரும்புகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: மனநல மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு பேர் எழுதிய மருந்தையும் ஒரே நோட்டில் எழுதி இரண்டு பேரிடமும் காட்டுங்கள். காதில் குரல் கேட்கிறது, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் முதலில் மனநல மருத்துவர்தான், வைத்தியர் அப்புறம். நேரங்கெட்ட நேரத்தில் என்றால் 14416ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.