குடியை விட்டவர்கள் விமானம் ஏறும்போது

குடியை விட்டவருக்கு வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் பயணம் லேசுப்பட்டதல்ல. சோதனை முடிந்து உள்ளே போனால் எதிரிலேயே டூட்டி ஃப்ரீ கடை. இந்தியாவுக்குள் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால், "மச்சான், ரெண்டு பாட்டில்" என்று ஊரிலிருந்து போன் வேறு. நான் யாருக்கும் வாங்கி வருவதில்லை. பையில் பாட்டிலோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய வதை.

உள்நாட்டு விமானத்தில் மது கிடையாது. வெளிநாட்டு விமானங்கள் பலவற்றில் தள்ளுவண்டி நம் சீட்டுக்கே வந்து நிற்கும், காசும் கேட்க மாட்டார்கள். வண்டி இரண்டு வரிசை தள்ளி இருக்கும்போதே 'தக்காளி ஜூஸ்' என்று முடிவுசெய்துவிடுவேன். கையில் டம்ளர் இருந்தால் பக்கத்து சீட்காரரும் வற்புறுத்த மாட்டார்.

குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அமெரிக்காவில் 1935இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அங்கே விமான நிலையத்தில் தவிப்பவர்கள், 'பில் டபிள்யூவின் நண்பர்கள் வரவும்' என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்வதுண்டு. அந்த அமைப்பைச் சேர்ந்த, முன்பின் தெரியாத யாரோ எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார்கள். எவ்வளவு பெரிய விஷயம்!

எனக்கு போன்தான். போர்டிங் அழைக்கும்வரை குடியை விட்டவர்கள் குழுவில் உள்ள நண்பரோடு பேசிக்கொண்டே இருப்பேன். பொங்கலுக்கு ஊர் வரும் தம்பிகளே, பேச ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள். நடுராத்திரி ஃபிளைட் என்றாலும் சரி.