நுங்கம்பாக்கத்துல சிக்குன சில்வியா

மே 16
1866ல இதே தேதிலதான் வானியலாளர் நார்மன் போக்சன் நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரில இருந்து சில்வியாவ கண்டுபுடிச்சாரு, 87ஆம் நம்பர் சிறுகோள். போட்டோ எடுத்து சிறுகோள் புடிக்கிறதெல்லாம் 1891ல மேக்ஸ் வுல்ஃப் ஆரம்பிச்சு வச்சது, போக்சன் செத்துப்போன வருஷமும் அதேதான். இவரு காலத்துல ஸ்டார் சார்ட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு டெலஸ்கோப்ல ஒவ்வொரு புள்ளியா சரிபாக்கணும், சார்ட்ல இல்லாதது ஏதாவது கண்ணுல பட்டா அடுத்த ராத்திரி அது நகந்திருக்கான்னு பாக்கணும், நடுவுல மேகம் வந்துச்சுன்னா போச்சு.

மே 17
மெட்ராஸ்ல மட்டும் அஞ்சு புடிச்சிருக்காரு மனுஷன். 1861ல ஆசியா (இந்த கண்டத்துல இருந்து கண்டுபுடிச்ச முதல் சிறுகோள், அதான் அந்தப் பேரு), அப்புறம் சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885ல வேரா.

மே 20
சில்வியா மெயின் பெல்ட்டோட (செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சிறுகோள்கள் சுத்தற பட்டை) வெளி ஓரத்துல சுத்துது, சூரியன ஒரு தடவ சுத்த ஆறரை வருஷம். நல்லா கருப்பு, மேல விழற வெளிச்சத்துல 5 சதவீதம் கிட்டதான் திரும்பி வரும். உருண்டையும் இல்ல, நீளம் 360 கிமீ கிட்ட, குறுகலான பக்கம் 190தான், அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அஞ்சேகால் மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ தன்னையே சுத்திக்குது!

மே 23
எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இதுதான். 2001ல ஹவாய்ல இருக்கற கெக் டெலஸ்கோப்ல சில்வியாவுக்கு ஒரு நிலா தெரிஞ்சுது, ரோமுலஸ். 2005ல இன்னொன்னு இருக்குன்னு அறிவிச்சாங்க, ரீமஸ். ஒரு சிறுகோளுக்கு ரெண்டு நிலா இருக்கறது அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ரோமுலஸ் 3.65 நாள்ல சுத்துது, ரீமஸ் 1.38 நாள்ல. நிலா எவ்ளோ தூரத்துல எவ்ளோ வேகமா சுத்துதுன்னு தெரிஞ்சா நடுவுல இருக்கறதோட எடை வந்துடும், அத கன அளவால வகுத்தா அடர்த்தி. கணக்கு போட்டா தண்ணியவிட கொஞ்சந்தான் ஜாஸ்தி வருது. அப்போ இது ஒரே பாறை கெடையாது, ஒடஞ்ச கல்லெல்லாம் ஈர்ப்புல ஒட்டிக்கிட்டு இருக்கு, உள்ள நெறைய காலி எடம். அஞ்சு மணி நேர சுத்துல பிச்சுக்காம இருக்கறதே பெருசு.

மே 24
கமில்லாவுக்கும் ரெண்டு நிலாவாம், 2001ல ஒன்னு, 2016ல ஒன்னு. அதுவும் கருப்பு, அதுவும் வெளி ஓரம், அதுவும் அஞ்சு மணி நேரத்துக்குள்ள சுத்துது. வேகமா சுத்தற பெரிய சிறுகோள்ல மோதல் நடந்து செதறுனதுதான் நிலாவாச்சுன்னு சொல்றாங்க, எனக்கும் அது நம்பும்படியாதான் இருக்கு.